மருந்துக்கு முன்னால் ஓர் எனாமல் தட்டு

போன ஐப்பசியில் என் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நெல் இலை நீளவாக்கில் மடிந்து ஒட்டியிருந்தது. பிரித்த இடத்தில் பச்சை சுரண்டப்பட்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு. கூடவே குரல் பதிவு: "அத்தை, இலையெல்லாம் இப்படி ஆயிடுச்சு. கடையில ஒரு மருந்து சொல்றாங்க, வாங்கிடட்டுமா?"

சென்னையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் நிலத்தை அவன் கையில் எடுத்த முதல் சம்பா அது. பதறியதில் தப்பில்லை. போன் போட்டேன்.

"நட்டு எத்தனை நாளாச்சு?"

"இருபத்தாறு அத்தை."

"அப்ப ஒண்ணும் வாங்காத. நாளைக்குக் காலையில வரேன். உங்க பாட்டியோட எனாமல் தட்டு ஒண்ணு பரண்ல கிடக்கும், அதை எடுத்து வை."

மறுநாள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையும், அறுவடை வரை அப்புறம் இரண்டு பேருமாகப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். எங்களுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனம். சம்பா ஒரு போகம், அதன் பின்னால் உளுந்து. உங்கள் ஊரில் பட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பார்க்கும் முறை மாறாது.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்து நானும் பதறினேன். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து நட்ட இருபத்தைந்தாம் நாள் ஒரு முறை, நாற்பதாம் நாள் ஒரு முறை அடித்தேன். வயல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பூச்சி இல்லை. ஊரில் நாலு பேர் பாராட்டக்கூடச் செய்தார்கள். மார்கழியில் கதிர் பால் பிடிக்கும்போது நடு வயலில் வட்டமாக ஒரு இடம் பழுத்தது. ஒரு வாரத்தில் வட்டம் வண்டிச் சக்கரம் அளவாகி, அப்புறம் களம் அளவானது. தீயில் வாட்டின மாதிரி காய்ந்து சாய்ந்துவிட்டது. அதுதான் புகையான், அடித்தண்டில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. அந்தக் காணியில் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது.

நான் அடித்தது செயற்கைப் பைரித்ராய்டு வகை. அது புழுவைக் கொன்றது, கூடவே சிலந்தியையும் கொன்றது. புகையான் முட்டையோ இலையுறைக்குள் கீறிச் செருகியிருக்கும். மருந்து அதைத் தொடாது. ஏழெட்டு நாளில் குஞ்சு பொரித்து வெளியே வந்தபோது, அதைத் தின்ன வயலில் ஆள் இல்லை. இது என் ஒருத்தியின் கதையும் இல்லை. இந்தோனேசியாவில் நாடு முழுக்க இதே கூத்து நடந்து, கடைசியில் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசாங்கமே தடை செய்தது.

சரி, தட்டை எடுங்கள்.

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பாதிப் பேர் ஒளிந்துகொள்வார்கள். வெள்ளை எனாமல் தட்டு, ஒரு பழைய நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் ஊறும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். மளிகைக் கணக்கு மாதிரிதான். இடப்பக்கம் நெல்லைத் தின்பவர்கள். வலப்பக்கம் அவர்களைத் தின்பவர்கள். நம்மில் பெரும்பாலோர் இடப்பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம்.

வரப்பில் நின்று பார்ப்பது பார்ப்பதே இல்லை. மூலைக்கு மூலை குறுக்காக நடந்து இருபது குத்து (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) பாருங்கள். ஒவ்வொரு குத்திலும் மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் இலை நுனி, பிறகு நடு மடல், கடைசியில் தண்ணீர் தொடும் அடித்தண்டு. குத்தைத் தொடுவதற்கு முன் அரை நிமிஷம் சும்மா நில்லுங்கள். நிழல் விழாத பக்கமாக நில்லுங்கள். இதுதான் என் தம்பி மகனுக்கு வரவே இல்லை. போனதும் கையை விட்டுக் குத்தைப் பிளந்துவிடுவான். உள்ளே இருந்தவன் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடுவான்.

அதன் பிறகு தட்டை நனைத்து, குத்தின் அடியில் சாய்த்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். விழுவதை எண்ணுங்கள். ஈரத் தட்டில் விழுந்தது சட்டென்று குதித்து ஓடாது.

அன்றைக்கு முதல் குத்திலேயே நல்ல காட்சி கிடைத்தது. தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே, மண் நிறத்தில் ஒரு சிலந்தி. முதுகில் முள்கரண்டி மாதிரி வெளிர்க் கோடு. பின்புறம் வெள்ளைப் பட்டாணி ஒன்றை ஒட்ட வைத்தது போல முட்டைப் பை. ஓநாய்ச் சிலந்தி என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும், தண்ணீர்மேலும் ஓடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தத்துப்பூச்சி தண்டில் கொஞ்சம் கீழே நகர்ந்தது. அவ்வளவுதான், சிலந்தி இருந்த இடம் காலி. அடுத்த நொடி பூச்சி அதன் வாயில். ஒரு நாளைக்கு இப்படி ஐந்திலிருந்து பதினைந்து வரை பிடிக்கும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாய் முதுகில் ஏறிக்கொள்ளும்; மார்கழியில் பார்த்தால் முதுகே தெரியாமல் பொடிப் பொடியாக அப்பியிருக்கும்.

நடு மடலில் இலையோடு இலையாகக் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒல்லிச் சிலந்தி ஒன்று இருக்கும். அது இலைக்கு இலை வலை கட்டுவது. பனி விழுந்த காலையில் வயல் முழுக்க வலை மினுங்கினால் மனசு நிறைய வேண்டும். சிலர் "ஒட்டடை பிடிச்சுப் போச்சு" என்று அதற்கும் மருந்து தேடுகிறார்கள்!

இப்போது எல்லாரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். புகையான் இருக்கும் அதே அடித்தண்டில், அதைவிடச் சின்னதாக, பச்சை உடம்பும் கறுப்புத் தலையுமாக ஒன்று சுறுசுறுப்பாக ஓடும். அரிசியில் பாதி நீளம்கூட இருக்காது. பச்சையாக இருப்பதால் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து இடப்பக்கத்தில் எழுதிவிடுவோம். நானே பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். அது மிரிட் நாவாய்ப்பூச்சி. ஊசி வாயை இலையுறைக்குள் குத்தி, புகையான் முட்டையை உறிஞ்சுகிறது. மேலே அடிக்கும் மருந்து போய்ச் சேராத இடத்துக்குப் போய் வேலை செய்கிற ஆள் அது. பார்த்து வித்தியாசம் சொல்ல ஒரு வழி: புகையானைத் தொட்டால் பக்கவாட்டில் நழுவும், இல்லாவிட்டால் தெறித்துக் குதிக்கும். மிரிட் ஓடும், பறக்கும், குதிக்காது. மீசை நீளமாக இருக்கும்.

தண்ணீர்மேலும் ஒரு கண் வையுங்கள். எள்ளைவிடச் சின்னதாகக் கூட்டம் கூட்டமாக ஓடும் பூச்சிகள் இருக்கும். புகையான் குஞ்சு தவறித் தண்ணீரில் விழுந்தால் நாலைந்தாகச் சேர்ந்து மொய்த்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு பேச்சு. "நன்மை செய்யும் பூச்சி" என்று சொல்கிறோமே தவிர, அதுகளுக்கு நம்மைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. சிலந்தி மிரிட்டையும் பிடித்துத் தின்னும். தவளை சிலந்தியை விழுங்கும். தண்ணீர்ப்பாம்பு தவளையை விழுங்கும். கரிச்சான் புழுவையும் கொத்தும், நமக்கு வேண்டிய தட்டானையும் கொத்தும். ஆகவே வலப்பக்கத்தில் எழுதும் எவரையும் கூலிக்கு வைத்த ஆளாக நினைக்காதீர்கள். பசிக்குத் தின்கிறார்கள், அந்தப் பசியால் நமக்கு லாபம். அவ்வளவே.

எண்ணியதை என்ன செய்வது? புகையானுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த தண்டு ஒன்றுக்கு, ஒரு பூச்சி வந்துவிட்டால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்திக்கு அதிகாரபூர்வமாகவே தள்ளுபடி உண்டு என்று இதைத்தான் நான் சொல்வது.

கார்த்திகைக் கடைசியில், நட்ட ஐம்பத்தெட்டாம் நாள், எங்கள் நோட்டில் இருந்தது இது: இருபது குத்து, மொத்தம் 300 தூர், புகையான் 340. தூருக்கு ஒன்றைத் தாண்டிவிட்டது. பையன் முகம் வெளுத்துவிட்டது. "வலப்பக்கத்தைப் படி" என்றேன். சிலந்தி 26, மிரிட் எழுபதுக்கு மேல். குத்துக்கு ஒரு சிலந்திக்கும் கூடுதலாக இருப்பதால் எல்லை இரண்டு. தண்ணீரை மட்டும் வடித்து நாலு நாள் காயப் போட்டோம். அடித்தண்டில் ஈரமும் நிழலும் இருந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். ஆறாம் நாள் எண்ணியபோது 210.

வடமேற்கு மூலை மட்டும் அடங்கவில்லை. அங்கே தூருக்கு மூன்று. காரணம் தேட வேண்டியதே இல்லை, இலை கருகருவென்று இருந்தது. யூரியா மூட்டையைப் பிரித்த இடம் அது, கை தாராளமாக விழுந்திருக்கிறது. தழைச்சத்து ஏறின பயிரில் சாறு ருசி, புகையான் பெருகிவிடும். அந்த அரை மா நிலத்துக்கு மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசலை, குத்தின் அடியில் படும்படி குனிந்து அடித்தோம். அஞ்சு சதவீதக் கரைசல்: ஐந்து கிலோ கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்குவது. காதி சோப்பு கொஞ்சம் கரைத்தால் ஒட்டும். அதற்கும் அடங்காமல் இரண்டு பக்கக் கணக்கும் கைமீறினால் மருந்து அடிக்கத்தான் வேண்டும். நான் இயற்கை விவசாயச் சாமியார் இல்லை. ஆனால் அப்போதும் பைரித்ராய்டு வேண்டாம், புகை மாதிரி மேலால் அடிப்பதும் வேண்டாம்.

இன்னொன்று, நடும்போதே எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் அடித்தண்டு வரை போகும். குனிந்து எண்ணவும் வழி கிடைக்கும். பையன் இடம் வீணாகிறதென்று விடவில்லை. இந்த வருஷம் விட்டிருக்கிறான்.

அந்த இருபத்தாறாம் நாள் இலைச்சுருட்டுப் புழு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. தூர் கட்டும் பருவத்தில் நெல் இழந்த இலையை ஈடுகட்டிவிடும். பத்தில் ஓர் இலைக்கு மேல் போனால்தான் யோசனை. கண்ணாடி இலை, அதாவது கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் இலை, வந்த பிறகு கணக்கு வேறு. பூக்கும்போது அந்த இலையில் நூற்றுக்கு ஐந்து பாழானாலே கவனிக்க வேண்டும், மணிக்குச் சோறு போடுவது அதுதான். மடிந்த இலையைப் பத்து இடத்தில் பிரித்துப் பாருங்கள். சிலவற்றுக்குள் புழுவுக்குப் பதில் செம்மையும் கருநீலமுமாக ஒடிசலான வண்டு உட்கார்ந்திருக்கும். தரை வண்டு. சுருட்டின வீட்டுக்குள்ளேயே போய் புழுவைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

முதல் நாற்பது நாள் மருந்துக்கு விடுமுறை என்பதை வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 1990களில் பெரிய பிரசாரமாகவே நடத்தினார்கள். அதற்கு இலை ஈடுகட்டுவது ஒரு காரணம். எனக்குப் பிடித்த காரணம் இன்னொன்று, அது சேற்றில் இருக்கிறது.

நெல்லுக்குப் பூச்சி வருவதற்கு முன்னாலேயே வயலில் சிலந்தி இருக்கிறதே, அது என்ன சாப்பிட்டது? நட்டு பத்தாம் நாள் ஒரு கண்ணாடி டம்ளரில் வயல் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகத் துள்ளுகிற நீர்ப்பூச்சி, நெளிகிற சிவப்புப் புழு, கொசுப் புழு என்று சந்தைக்கடை மாதிரி இருக்கும். போட்ட எருவும் மடக்கி உழுத தக்கைப்பூண்டும் மட்குகிறது. அதில் பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிரும் பெருகுகிறது. அதைத் தின்று இந்தப் புழுக்கள் வளர்ந்து, சேற்று ஈக்களாக மேலே பறக்கின்றன. நெல்லுக்கு அந்த ஈக்களால் கெடுதலே இல்லை. சிலந்திக்கு அதுதான் முதல் பந்தி. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு வயல்களில் ஆராய்ச்சிக்காரர்கள் இதை எண்ணிப் பார்த்தே நிரூபித்தார்கள்: மட்கு கூடின வயலில் இந்த ஈக்கள் கூடின, சிலந்தி முதலான வேட்டைப் பூச்சிகளும் கூடின. புகையான் வந்து சேரும்போது வயலில் ஏற்கெனவே பசித்த கூட்டம் காத்திருக்கும். இருபதாம் நாள் அடிக்கும் மருந்து அந்தப் பந்தியைத்தான் கவிழ்க்கிறது.

நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கு, பாட்டிலை வைத்துச் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்களிடமே விட்டுவிடலாம். இலை நுனிப் பக்கம் பழுப்பு ரோமம் மூடின, மல்லி விதை அளவு மேடு தெரியும். அது குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல். இலையோடு கிள்ளி, சின்னக் காலிப் பாட்டில்களில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். வாரம் பத்து நாள் ஆகும். சிலவற்றில் கறுப்புத் தலைப் புழுக்கள் நூல் விட்டுத் தொங்கும். சிலவற்றில் புழுவே வராமல், புள்ளி அளவில் கறுப்பாகவோ பச்சை மின்னலாகவோ குளவிகள் பறக்கும். முட்டைக்குள் முட்டை வைக்கும் ஒட்டுண்ணிகள் அவை. அதில் ஒரு வகை செய்யும் காரியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ரோமம் மூடிவிட்டால் முட்டையைக் குத்துவது கஷ்டம் என்று, தாய் அந்துப்பூச்சியின் வால் ரோமத்திலேயே தொற்றிக்கொண்டு சவாரி வந்து, அது முட்டை இடும்போதே தன் முட்டையையும் வைத்துவிடுகிறது.

நாங்கள் பதினொரு குவியல் வைத்தோம். ஏழில் குளவி. பாட்டிலை வயலில் திறந்து விட்டோம். புழு வந்த நான்கையும் கோழிக்குப் போட்டோம். எல்லையைச் சொல்லிவிடுகிறேன்: சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்ந்தால் கவனிக்கணும். நாற்றைப் பிடுங்கி நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் அதில் இருக்கும் குவியல் அங்கேயே போய்விடும்.

பறவைக்குச் செலவே இல்லை. தென்னை மட்டையோ வேலிக்கருவைக் கழியோ, பயிருக்கு ஓரடி மேலே நிற்கும்படி, குறுக்குக் குச்சி கட்டி ஏக்கருக்குப் பதினைந்து இருபது நடுங்கள். மறுநாளே கரிச்சான் வந்து உட்காரும். இரட்டைவால் குருவி என்பதும் அதைத்தான். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் இந்தக் கழிகளைப் பிடுங்கிவிடணும். இல்லாவிட்டால் மணி தின்னும் குருவிகளுக்கு நாமே நாற்காலி போட்ட மாதிரி.

ஆனால் எலி வளை இருக்கும் வரப்போரமாக இரண்டு உயரமான கழியை மட்டும் விட்டுவையுங்கள், அது கூகைக்கு. ஊரில் கூகை அலறினால் சாவு என்று கல்லெறிகிறார்கள். என் மாமியார் உயிரோடு இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை. காலையில் கழியடியில் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் உருண்டை கிடந்தால் எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டுக் குச்சியால் பிரியுங்கள். ரோமத்துக்குள் எலி மண்டையோடு, தாடை, மஞ்சள் வெட்டுப்பல் எல்லாம் முழுசாக இருக்கும். கூகை செரிக்காததைக் கக்கியது அது. மண்டையோட்டை எண்ணி நோட்டில் எழுதலாம். எலிக்கு விஷம் வைக்கிற வயலில் இதை எதிர்பார்க்காதீர்கள். எலி வழியாக அது கூகைக்கும் போகும். சாரைப்பாம்பை அடிக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வரப்பில் எள், தட்டைப்பயறு, உளுந்து எதையாவது ஊன்றுங்கள். முட்டையில் முட்டை வைக்கும் அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும், நெல்லில் தேன் கிடையாது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்றிலும் நாலு வருஷம் இப்படி வரப்பில் பூச்செடி வைத்துப் பார்த்ததில் மருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்து, மகசூல் 5 சதவீதம் கூடியது. எங்கள் வரப்பில் எள் ஊன்றியதை ஆடு மேய்ந்துவிட்டது. இந்த வருஷம் தட்டைப்பயறு.

தை பிறந்து, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது ஈரம் பார்த்து நிற்கிற நெல்லிலேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். முப்பது நாள் கழித்து ஒரு செடியை, பிடுங்காமல், மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்கிற பாக்டீரியா வேலை செய்கிறது. செடி கொடுக்கும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் ஆள் உள்ளே இருந்தும் வேலை நடக்கவில்லை. பையன் கிள்ளியதில் ஆறு சிவப்பு, இரண்டு வெளுப்பு. நோட்டின் வலப்பக்கத்தில் எழுதலாமா என்று கேட்டான், எழுதச் சொன்னேன்.

எனாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உளுந்துக்கு அசுவினி வரும்போது மறுபடி வேண்டியிருக்கும்.